புளி தெரிந்த நாக்குக்கு மஸ்கடே: ஒரு பிரெஞ்சு வெள்ளை ஒயினைச் சுவைத்தறியும் முறை

காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் பழைய வீட்டில் நான்கு அறைகளை ஒதுக்கி விருந்தினர்களைத் தங்க வைத்து வருகிறேன். மார்கழி, தை மாதங்களில் வருபவர்களில் பிரெஞ்சுக்காரர்கள் கணிசமாக இருப்பதால், அவர்கள் தங்கள் ஊரிலிருந்து எடுத்துவரும் வெள்ளை ஒயினை நம்மவர்கள் முதன்முறையாகச் சுவைப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். ஒரு மடக்கு உள்ளே போனதும் முகத்தைச் சுளித்து, "என்னங்க இப்படிப் புளிக்குது, கெட்டுப்போச்சா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணாடிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிடுவார்கள். இவ்வளவு புளி கரைத்துச் சமைக்கிற ஊரில் இருந்துகொண்டு புளிப்பைக் கண்டு முகம் சுளிப்பது வேடிக்கைதான். புளியம்பழத்திலும் திராட்சையிலும் முதன்மையாக உள்ள அமிலம் ஒன்றே. அதற்கு டார்டாரிக் அமிலம் என்று பெயர். ஆகவே, புளியின் தரத்தைக் கரைத்த மாத்திரத்தில் சொல்லிவிடும் நாக்குக்கு இந்த ஒயினைப் பற்றிப் பேசப் புதிதாக ஒரு மொழி தேவையில்லை. அடுக்களையில் உள்ள சுவைகளையே அளவுகோலாக வைத்துக்கொண்டு ஒரு பிரெஞ்சு வெள்ளை ஒயினை எப்படிப் படிப்பது என்பதைத்தான் இங்கே விளக்குகிறேன்.

எடுத்துக்காட்டாக மஸ்கடே என்னும் ஒயினைத் தேர்ந்துகொண்டேன். ஷாப்ளி, சான்செர் போன்ற பிரெஞ்சு வெள்ளை ஒயின்கள் இதைவிடப் புகழ்பெற்றவை. விலையும் அதற்கேற்ப இருக்கும். பளிச்சென்ற புளிப்பும் மெலிந்த உடலும் (வாயில் உணரும் கனத்தைத்தான் ஒயினின் உடல் என்பார்கள்) குறைந்த வாசனையும் கொண்ட மஸ்கடே, கற்றுக்கொள்பவருக்கு அவற்றைவிட நல்ல பாடம் என்பது என் கருத்து. வாசனை மிகுந்த ஒயினில் மூக்கு மயங்கிவிடுகிறது. இதில் நாக்கு வேலை செய்தே ஆகவேண்டும்.

ஒயினின் பிறப்பு

பிரான்ஸின் மேற்குக் கோடியில், லுவார் ஆறு அட்லாண்டிக் கடலை நெருங்கும் இடத்தில், நாந்த் நகரத்தைச் சுற்றிலும் மஸ்கடே விளைகிறது. பெயர் ஒலியைக் கேட்டு மஸ்கட் என்ற வாசனைத் திராட்சையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், இரண்டுக்கும் தொடர்பில்லை. இதன் திராட்சைக்கு மெலோன் த பூர்கோன் என்று பெயர். பெயரே சொல்வதுபோல அது கிழக்கே பூர்கோன் பகுதியிலிருந்து வந்தது. ஷார்டொனே திராட்சைக்கு அது உடன்பிறப்பு என்பதை மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. 17ஆம் நூற்றாண்டில் நாந்த் துறைமுகத்துக்கு வந்த டச்சு வணிகர்கள், காய்ச்சி வடித்துப் பிராந்தியாக்குவதற்கு ஏற்ற வெள்ளை ஒயினைக் கேட்டதால் அங்கே வெள்ளைத் திராட்சை பெருகியது. 1709ஆம் ஆண்டின் கொடுங்குளிர் அங்கிருந்த கொடிகளில் பெரும்பாலானவற்றை அழித்தபோது, உறைபனியைத் தாங்கக்கூடிய மெலோன் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. தொலைவிலிருந்து வந்த வணிகரின் தேவை ஒரு நிலத்தின் பயிரையே மாற்றிவிடும் என்பது, பர்மாவின் ஐராவதிக் கழிமுகம் நெல் வயலானதில் பங்குகொண்ட குடும்பங்கள் வாழும் இந்த ஊருக்குப் புரியாத செய்தி அல்ல.

புட்டியின் சீட்டில் இரண்டு தொடர்களைத் தேட வேண்டும். முதலாவது 'செவ்ர் எ மேன்'. செவ்ர், மேன் என்னும் இரு சிற்றாறுகளின் பெயரால் அமைந்த இந்த உட்பகுதிக்கு 1936இல் தனி அங்கீகாரம் கிடைத்தது. இரண்டாவது 'சூர் லீ'. இதற்கு 'வண்டலின் மேல்' என்று பொருள். திராட்சைச் சாறு நொதித்து முடிந்த பிறகு, வேலை முடிந்த ஈஸ்ட் அடியில் படியும். பல இடங்களில் அதை உடனே வடித்து நீக்கிவிடுவார்கள். இங்கோ ஒயினை அந்த வண்டலின் மேலேயே ஒரு குளிர்காலம் முழுவதும் அசையாமல் விட்டுவைத்து, பிறகு நேராகப் புட்டியில் அடைக்கிறார்கள். மரப்பீப்பாய்க்குப் பதிலாக, உட்புறம் ஓடு பதித்த நிலத்தடித் தொட்டிகளில் வைப்பது அந்த வட்டாரத்தின் பழைய வழக்கம். மடிந்த ஈஸ்ட் மெல்லக் கரைந்து ஒயினுக்கு ஒரு சிறு கொழுமையைத் தருகிறது. நொதித்தலில் உண்டான கரியமில வாயுவும் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடுகிறது.

இதை நம்மூரில் விளக்குவதற்கு எனக்கு ஒரு நல்ல வழி கிடைத்திருக்கிறது. வெண்டைக்காய் மண்டி என்னும் எங்கள் பக்கத்துப் புளிக்குழம்பை வெறுந்தண்ணீரில் வைத்தால் புளிப்பும் காரமும் தனித்தனியாக நிற்கும்; அரிசி களைந்த தண்ணீரில் வைத்தால்தான் இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்து நாக்கில் உருளும். களைந்த தண்ணீர் மண்டிக்கு என்ன செய்கிறதோ, ஏறக்குறைய அதையே வண்டல் மஸ்கடேவுக்குச் செய்கிறது. சூர் லீ என்ற சொல் இல்லாத மஸ்கடே பெரும்பாலும் வெறுந்தண்ணீர் மண்டிதான். விலை குறைவாக இருந்தாலும் கற்றுக்கொள்வதற்காக அதை வாங்க வேண்டாம்.

முதலில் நாக்கைத் தயார் செய்தல்

புட்டியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு சிறிய பயிற்சி செய்வது நல்லது. எலுமிச்சை அளவு புளியை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, ஒரு டம்ளரில் ஊற்றுங்கள். அடுத்த டம்ளரில் உப்பும் சர்க்கரையும் போடாமல் எலுமிச்சைச் சாற்றைத் தண்ணீர் விட்டு வையுங்கள். மூன்றாவதில் நீர்த்த மோர் இருக்கட்டும். பக்கத்தில் பச்சை ஆப்பிள் துண்டு ஒன்றும் வேண்டும். ஒவ்வொன்றையும் ஒரு வாய் எடுத்து, இடையில் வெந்நீரால் கொப்பளித்துவிட்டு, புளிப்பு எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம் சுரீரென்று வந்து விரைவில் விலகும். ஆப்பிளின் மாலிக் அமிலம் பல்லைக் கூசவைத்து, கன்னத்தின் உட்புறத்தில் எச்சில் ஊறச் செய்யும். மோரின் லாக்டிக் அமிலம் முனை மழுங்கி மெத்தென்று இருக்கும். புளித் தண்ணீரின் புளிப்பு இவற்றைவிடக் கனத்து, வாய் முழுவதும் பரவி, விழுங்கிய பிறகும் நிற்கும்.

மஸ்கடேவில் புளியின் அமிலமும் ஆப்பிளின் அமிலமும் சேர்ந்து இருக்கும். மோரின் மென்மை இருக்காது. ஒயின் செய்யும்போது மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக மாற்றும் இரண்டாவது நொதித்தல் ஒன்று உண்டு. ஷாப்ளியில் அதை வழக்கமாக நடக்க விடுகிறார்கள். மஸ்கடேவில் பெரும்பாலும் தடுத்துவிடுகிறார்கள். மஸ்கடே கூர்மையாக இருப்பதற்கு, கடலோரத்தின் மிதமான வெயிலுக்கு அடுத்தபடியாக, இதுவே பெரிய காரணம்.

கூடவே ஒரு துண்டு கொட்டைப்பாக்கையும் கடித்துப் பார்த்துவிடுங்கள். நாக்கை இழுத்துப் பிடிக்கும் அந்தத் துவர்ப்பு சிவப்பு ஒயினுக்கு உரியது. தோலையும் விதையையும் சாற்றோடு ஊறவைப்பதால் அது வருகிறது. வெள்ளை ஒயினில் அது மிகக் குறைவு. அறுசுவையில் துவர்ப்புக்குத் தனியிடம் கொடுத்து வைத்த மொழியில் இந்த வேறுபாட்டைச் சொல்வது எவ்வளவு எளிதென்று, "வறட்சி", "இறுக்கம்" என்றெல்லாம் சுற்றி வளைத்துப் பேசும் விருந்தினர்களைக் கேட்கும்போது தோன்றும்.

வெயிலும் குளிர்ச்சியும்

செட்டிநாட்டின் வெயில் இந்த ஒயினுக்கு முதல் எதிரி. திருச்சியிலிருந்து வரும்போது ஒரு சித்திரை மாத மதியத்தில், சாப்பிடுவதற்காக நிறுத்திய காரின் பின்பெட்டியில் ஒரு புட்டியை இரண்டு மணி நேரம் மறந்து விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் தக்கை ஒரு விரற்கடை அளவு வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. உள்ளே இருந்தது வேகவைத்த ஆப்பிளைப்போல மணத்தது. கூர்மை முழுவதும் போயிருந்தது. அன்று முதல், வாங்கிய புட்டி ஈரத்துணி சுற்றிக் காருக்குள் என் காலடியில்தான் பயணம் செய்கிறது. புதுச்சேரியில் மலிவாகக் கிடைக்கிறதே என்று அனுமதியின்றிக் கொண்டுவருவது சட்டப்படி குற்றம் என்பதையும், தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பரிமாறுவதற்கு 8 முதல் 10 டிகிரி செல்சியஸ் சரியானது. குளிர்பெட்டிக்குள் இருக்கும் 4, 5 டிகிரியில் நாக்கு மரத்துப்போய், புளிப்பைத் தவிர எதுவும் தெரியாது. ஐரோப்பிய நூல்கள் வெளியே எடுத்துக் கால் மணி நேரம் வைக்கச் சொல்லும். பங்குனிக்கு மேல் நம் வீடுகளில் ஐந்து நிமிடமே போதும். அவசரத்துக்குக் குளிரவைக்க வேண்டுமானால், எவர்சில்வர் வாளியில் பனிக்கட்டியும் தண்ணீரும் சமமாக விட்டு, ஒரு கைப்பிடி கல்லுப்பும் போட்டு, கழுத்துவரை முங்கும்படி புட்டியை வையுங்கள். இருபது நிமிடத்தில் தயாராகிவிடும். வெறும் பனிக்கட்டியில் புட்டியைச் செருகுவது வீண்வேலை, ஏனென்றால் கட்டிகளுக்கு நடுவே காற்றுதான் இருக்கும். குளிர்ந்த புட்டியின் அடியில் கற்கண்டுத் தூள்போல ஏதேனும் தென்பட்டால் பயப்பட வேண்டாம். டார்டாரிக் அமிலத்தின் உப்பு குளிரில் படிகமாகிப் படிந்திருக்கிறது. உடம்புக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

பார்த்தல், முகர்தல், சுவைத்தல்

வாய் குறுகிய, காம்பு உள்ள கண்ணாடிக் கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு ஊற்றி, காம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். நிறத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இளநீரைவிடச் சற்று மஞ்சளாக, ஓரத்தில் பச்சை சாயலோடு, தெளிவாக இருந்தால் இளமையான ஒயின். தேன் நிறத்துக்குப் போயிருந்தால் வயதானது, அல்லது என் கார்ப் புட்டியைப்போலக் கெட்டது.

முகரும்போது பெரிதாக எதையும் எதிர்பார்த்துவிட வேண்டாம். கிண்ணத்தை மெல்லச் சுழற்றிவிட்டு மூக்கை உள்ளே விட்டால், முதலில் நார்த்தங்காய்த் தோலைக் கிள்ளியதுபோன்ற வாசனை வரும். அதன் பின்னால் பச்சை ஆப்பிள், சற்றுப் பழுக்காத பேரிக்காய். மூன்றாவதாக வருவதுதான் சூர் லீயின் கையெழுத்து. ஒரு முறை, நாந்த் பக்கத்திலிருந்து வந்த தம்பதியர் வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், உட்கார்ந்து புட்டியைத் திறந்தபோது, எங்கள் அப்பத்தா குடிக்க மறுத்துவிட்டு, முகர்ந்து மட்டும் பார்ப்பதாகச் சொல்லி வாங்கினார். கண்ணை மூடி இரண்டு தடவை இழுத்துவிட்டு, "மாவு வாசனையில்ல வருது! ஆட்டி வச்சு மறுநா காலையில மூடியத் தொறந்தா வருமே, அது. இன்னும் பொங்கலப்பா, இது மொதல் நா மாவு" என்றார். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அந்த அம்மையார் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். ரொட்டி மாவு, ஈஸ்ட் என்று அவர்கள் எழுதுவதும் அப்பத்தா சொன்னதும் ஒரே வாசனைதான். இட்லி மாவின் புளிப்பில் பாக்டீரியாவுக்குப் பங்கு மிகுதி. இங்கே ஈஸ்ட் மட்டுமே என்பதால் வாசனை அதைவிட மெலிவாக இருக்கும்.

கடைசியாக, கல்லின் வாசனை. ஈரக் கல், கடற்காற்று, சுண்ணாம்பு என்ற சொற்களை மஸ்கடேவைப் பற்றி எழுதுவோர் தவறாமல் பயன்படுத்துகிறார்கள். வெயிலில் காய்ந்த வளவுக் கல்தளத்தில் மாலையில் ஒரு வாளித் தண்ணீரை வீசி ஊற்றினால் எழும் மணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் மங்கலான சாயல் இதில் இருக்கிறது. அங்குள்ள நிலத்தில் கிரானைட், நைஸ், காப்ரோ என்னும் பாறைகள் கிடப்பது உண்மை. எனினும் கல்லின் சுவை வேர் வழியாக நேரடியாகத் திராட்சைக்குள் ஏறுகிறது என்பதை அறிவியலாளர்கள் ஏற்பதில்லை. ஆகவே அதை ஓர் உவமையாக வைத்துக்கொள்வதே நேர்மை.

இனி வாய்க்கு வருவோம். ஒரு தேக்கரண்டி அளவு எடுத்து, உடனே விழுங்காமல் நாக்கின் மேல் பரப்புங்கள். முதல் கணத்தில் நாக்கின் நுனியில் ஊசி முனை தொட்டதுபோல மெல்லிய சுருக்கு ஒன்று இருக்கும்; உள்ளே தங்கிய கரியமில வாயு அது. சோடாவைப்போலப் பொங்கினால் ஏதோ கோளாறு. ஒன்றுமே இல்லையென்றால் புட்டி பழையதாக இருக்கலாம். பிறகு புளிப்பு எழும். பயிற்சியில் வைத்த டம்ளர்களை நினைவில் கொண்டுவந்து, இது எதற்கு அருகில் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இனிப்பு ஏறக்குறைய இருக்காது. நடுவில், புளிப்புக்கு அடியில் ஒரு மெத்தை விரித்ததுபோன்ற கொழுமை தட்டுப்பட்டால், வண்டல் தன் வேலையைச் செய்திருக்கிறது. ஆல்கஹால் 12 சதவீத அளவிலேயே நிற்பதால் தொண்டையில் எரிச்சல் தெரியக் கூடாது.

விழுங்கிய பிறகு வருவதை மிகுந்த கவனத்தோடு பார்க்க வேண்டும். அப்போது இரண்டு சுவைகள் வரும். ஒன்று உவர்ப்பு. ஊருணித் தண்ணீருக்கும் வீட்டுக் கிணற்று உப்புத் தண்ணீருக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு வாயில் சொல்லிவிடும் ஊர் இது. அவ்வளவு உப்பு இதில் கிடையாது, இரண்டுக்கும் நடுவில் ஊருணிப் பக்கமாகவே இருக்கும். மற்றொன்று, நார்த்தங்காயின் வெள்ளைச் சதையைக் கடித்ததுபோன்ற இளங்கசப்பு. இரண்டும் சேர்ந்து எத்தனை விநாடி நிற்கின்றன என்று மனத்துக்குள் எண்ணுங்கள். சாதாரண மஸ்கடேவில் ஐந்தாறு எண்ணுவதற்குள் அடங்கிவிடும். கிளிசோன், கோர்ழ், ல பாலே என்ற ஊர்ப் பெயர்களில் ஒன்று சீட்டில் இருந்தால், ஒயின் வண்டலின் மேல் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டோ அதற்கு மேலோ இருந்திருக்கும். அதன் நீட்டம் கூடுதலாகவும், உடல் கனமாகவும் இருக்கும். இம்மூன்றுக்கும் 2011இல் தனித் தகுதி கிடைத்தது. (கிளிசோன், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியக் கட்டடப் பாணியில் திரும்பக் கட்டப்பட்ட ஊர். எங்கள் வீட்டு இத்தாலியச் சலவைக்கல் மேல் உட்கார்ந்து அதைக் குடிப்பதில் எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி உண்டு.) சாதாரண மஸ்கடேவை இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் குடித்துவிட வேண்டும், இந்த ஊர்ப் பெயர் உள்ளவை பத்து ஆண்டுகள்கூடத் தாங்கும்.

நனைந்த சாக்குப்பை அல்லது பரணில் ஈரம் குடித்த அட்டைப்பெட்டியின் வாசனை அடித்தால் தக்கை கெட்டிருக்கிறது. அது காற்றாடினாலும் போகாது, கீழே ஊற்றிவிடலாம்.

எதோடு பரிமாறுவது

இதில் நம் ஊர்ப் பெருமையைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்க வேண்டும். கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ எல்லாம் வறுத்து அரைத்த கோழிக் குழம்போடு மஸ்கடேவைக் கொடுத்தால், ஒயின் வெறும் புளித் தண்ணீராகிவிடும். மிளகாயின் எரிச்சலையும் ஆல்கஹால் தூண்டிவிடும். சாப்பாட்டு இலை போடுவதற்கு முந்தைய ஒரு மணி நேரமே இதற்கு உரியது. நான் கண்டதில் மிகச் சிறந்த இணை வெள்ளைப் பணியாரம். எண்ணெயில் பொரிந்த விளிம்பும் மெத்தென்ற நடுவும் கொண்ட அந்தப் பணியாரத்தின் கொழுப்பை ஒயினின் புளிப்பு துடைத்துவிட, உளுந்தின் மணமும் வண்டலின் மணமும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். மிளகாய்த் துவையலை மட்டும் தள்ளி வையுங்கள். தேங்காய்ச் சட்னி போதும்.

நாந்த் பக்கம் இதைப் பச்சைச் சிப்பியோடு குடிப்பார்கள். நம் வெயிலில் பச்சைச் சிப்பியைத் தொடவே கூடாது. அதற்குப் பதிலாக, தொண்டியிலிருந்தோ கோட்டைப்பட்டினத்திலிருந்தோ காலையில் வந்த நண்டை, உப்பும் மஞ்சளும் மட்டும் போட்டு ஆவியில் வேகவைத்து, ஓட்டோடு வையுங்கள். கணவாயை மிளகும் பூண்டும் தட்டிப்போட்டு விரைவாக வதக்கிக் கொடுக்கலாம். நெத்திலி வறுவல் பொருந்தும். ஆனால் எலுமிச்சை பிழியாதீர்கள், அந்த வேலைக்குத்தான் ஒயின் இருக்கிறது. சீப்பு சீடையும் தேன்குழலும் பரவாயில்லை. கந்தரப்பம், அதிரசம் போன்ற இனிப்புகளோடு கொடுத்தால் ஒயின் காடியாகத் தோன்றும்.

திறந்த புட்டியை அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். மூன்றாம் நாள் சுருக்கும் மணமும் போய்ப் புளிப்பு மட்டும் எஞ்சும். எங்கள் வீட்டில் அதைக் கீழே ஊற்றுவதில்லை. சின்ன வெங்காயமும் பூண்டும் வதங்கும்போது அரை டம்ளர் விட்டு, பாதியாகச் சுண்டிய பிறகு நண்டைப் போட்டு மூடி வைத்து, கடைசியில் மிளகு தூவி இறக்குகிறோம். அன்றைக்கு அதில் புளி கரைத்து ஊற்ற வேண்டியதில்லை.